கேட்கும் செவியின் கடன்

இரண்டு வயது நிரம்பிய குழந்தை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராமலும், தாயின் முகத்தை ஏறிட்டு நோக்காமலும், சுழலும் மின்விசிறியையே நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டும் இருக்கக் கண்டு, பல வாசல்கள் ஏறி இறங்கி, இறுதியில் ஒரு மருத்துவரின் வாயால் ஆட்டிசம் என்ற பெயரைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாய் தந்தையர்க்கு, அன்றிரவு எவருடைய வார்த்தையும் பயன்படுவதில்லை. உற்றார் உறவினர் அன்பினாலேயே பேசுகிறார்கள். ஆயினும், ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான் என்று தொடங்குபவர்களும், தாய் வேலைக்குப் போனதால் வந்த வினை என்றும், செல்போனைக் கையில் கொடுத்ததன் பலன் என்றும், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குறை என்றும் கூறி, ஆறுதலாகத் தொடங்கிய பேச்சைக் குற்றச்சாட்டாகவே முடிக்கிறார்கள். அதே பெயரைக் கேட்டு, அதே இரவைக் கழித்து, அதற்குப் பின் வந்த ஆண்டுகளையும் வாழ்ந்து கடந்த வேறொரு தாயோ தகப்பனோ வந்து அருகில் அமரும்போதுதான் அந்த வீட்டில் மனம் விட்டுப் பேச இடம் உண்டாகிறது.

இவ்வாறு பெற்றோர்க்குப் பெற்றோரே துணை நிற்பது நற்காரியம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. ஆனால் நற்காரியத்திலும் நியாய அநியாயங்கள் உண்டு. இருவர் கூடித் தங்கள் பாரத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ளும் இடத்தில், பாரம் என்று பேசப்படுவது ஓர் உயிர். அந்த உயிர் பெரும்பாலும் அவ்விடத்தில் இல்லை. இருந்தாலும், தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க அதனால் பல சமயம் இயலுவதில்லை. ஆகவே, பெற்றோர் தமக்குள் அளித்துக்கொள்ளும் ஆறுதலில் அக்குழந்தைக்குச் செலுத்த வேண்டிய கடன் எது, அக்கடனைக் குறைத்துக்கொண்டு தங்கள் மனச்சுமையை இறக்கிவைக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி ஆராயத் தக்கது.

இதற்கு விடை தேடுமுன், இத்துணைமை எவ்வாறு தோன்றிற்று என்பதை நினைவுகூர்வது நலம். ஏனெனில் அது ஆறுதலை வேண்டி மட்டும் பிறந்ததன்று, பெரியதோர் அநீதியை எதிர்த்துப் பிறந்தது. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மனநோய் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி 1943 இல் எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகத்துக்கு அறிமுகம் செய்தது. அந்த இயல்பு பிறவியிலேயே அமைவதாக அக்கட்டுரையில் கருதிய அவர், அக்குழந்தைகளின் பெற்றோரில் உள்ளன்பு கனிந்தவர்கள் மிகச் சிலரே என்ற அபிப்பிராயத்தையும் கூடவே எழுதிவைத்தார்; பின்வந்த ஆண்டுகளில் முன்னது மங்கிப் பின்னதே ஓங்கி, குளிர்பதனப் பெட்டியை ஒத்த தாய் என்னும் கொடிய உருவகம் மருத்துவமனைகளிலும் பத்திரிகைகளிலும் உலாவலாயிற்று. சிகாகோவில் இத்தகைய குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், நாஜிகளின் வதைமுகாமில் தாம் கைதியாயிருந்து கண்ட நிலையோடு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டு, 1967 இல் ஒரு நூலே வெளியிட்டார். குழந்தை தன்னிடம் ஒட்டவில்லையே என்று நெஞ்சம் வெதும்பிய தாயிடமே, உன் அன்பின்மையால்தான் அது ஒட்டவில்லை என்று அறிவியலின் பெயரால் சொல்லப்பட்டது. பலரும் அதை நம்பினார்கள் என்பதே அதைவிடத் துயரமானது.

அந்தத் தீர்ப்பை உடைப்பதற்குப் பெற்றோரே முன்வர வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணிபுரிந்தவரும் ஆட்டிசமுள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964 இல் எழுதிய நூலில் வைத்த வாதங்களுள் ஒன்று மிக எளியது: இத்தாய்மாரின் மற்றக் குழந்தைகள் யாவும் நன்றாகத்தானே வளர்கின்றன? மறு ஆண்டே அவரும் வேறு பெற்றோரும் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன்பே, 1962 இல், லண்டனில் பெற்றோர் சிலர் ஒரு சங்கம் கண்டிருந்தனர். தாமே மனநோய் மருத்துவராகவும் ஆட்டிசமுள்ள மகளின் தாயாகவும் இருந்த லோர்னா விங் அதனை நிறுவியவர்களுள் ஒருவர். எந்தப் பள்ளியும் ஏற்காத தம் பிள்ளைகளுக்காக அச்சங்கத்தார் 1965 இல் ஈலிங் பகுதியில் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்கள். 1969 இல் வாஷிங்டனில் நடந்த அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில், முதியவராகிவிட்ட கானரே மேடையேறி, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தனித்தனியே இருந்த வரையில் ஒவ்வொரு தாயும் தன் மனத்தைத் துருவித் துருவி, எங்கோ ஒரு நாள் சலித்துக்கொண்டதையும் எப்போதோ முகம் சுளித்ததையும் தேடியெடுத்துத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள். பலர் ஓரிடத்தில் கூடியபோதுதான், கோபக்காரியும் சாந்தமானவளும், படித்தவளும் படியாதவளும், செல்வம் உடையவளும் வறியவளும் ஒரே வகைக் குழந்தையைப் பெற்றிருப்பது பிரத்தியட்சமாயிற்று. அவர்கள் கூடியிருந்தது சாட்சியமும் ஆயிற்று. ஆகவே, முன்னே நடந்த தாய் பின்னே வரும் தாய்க்குக் கை கொடுப்பதைக் கருணை என்பதைக் காட்டிலும் கடன் என்பதே பொருந்தும். தான் பெற்ற விடுதலை பிறர் பட்ட பாட்டினால் கிடைத்தது என்று அறிந்தவர் அதை அடுத்தவரிடம் சேர்ப்பிக்காமல் இருப்பது நியாயமாகாது.

கடன் என்றால் அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்து அமரக்கூடியவர், பெரும்பாலும், ஒரு மணி நேரமாவது குழந்தையை வேறொருவரிடம் விட்டுவரக்கூடியவர். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிள்ளையை, இரவில் உறங்காத பிள்ளையை, கதவு திறந்தால் தெருவில் ஓடிவிடும் பிள்ளையை வைத்திருப்பவரும், தெரபிக்கான கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுகிறவரும் அங்கே வருவதில்லை. வந்தவர்கள் தங்களுக்குள் ஆறுதல் பெற்றுக் கலைவதோடு நில்லாமல், வராதவர் வீட்டுக்குப் போய் அரை நாளேனும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதே இத்துணைமையின் கடினமான பகுதி; பேச்சைவிட அது பெரிய உபகாரம். மேலும், பெற்றோர் என்று பொதுவாகச் சொன்னாலும் வந்திருப்பவர்களில் அநேகர் தாய்மாரே. கட்டணத்தைக் கட்டிவிட்டதோடு தன் பங்கு தீர்ந்தது என்று தகப்பன் எண்ணும் வீட்டில், அயலார் ஆயிரம் பேர் துணை நின்றாலும், முதல் துணை இல்லாத குறை தீராது.

இனி, இத்துணைமையில் உள்ள அபாயம் ஒன்று. ஒத்த துன்பம் உடையவரின் வார்த்தைக்கு மருத்துவரின் வார்த்தைக்கும் இல்லாத செல்வாக்கு உண்டு. 1998 இல், 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரை 2010 இல் அவ்விதழாலேயே திரும்பப் பெறப்பட்ட பின்னரும், அந்தப் பயம் தாயிடமிருந்து தாய்க்குப் பரவியது. உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் மருந்தைச் செலுத்தியதால், 2005 இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். வெளுக்கும் இரசாயனத்தைக் குழந்தைக்குப் புகட்டுமளவுக்கு நம்பிக்கை இழுத்துச் சென்ற வீடுகளும் உண்டு. எங்கள் பிள்ளைக்கு இவ்வாறு நேர்ந்தது என்று சொல்வது அனுபவம். உங்கள் பிள்ளைக்கும் இவ்வாறே நேரும் என்று சொல்வது, எவ்வளவு அன்போடு சொன்னாலும், தனக்கு உரிமையில்லாத வாக்குறுதி. நம்பப்படுகிறவரின் தவறு நம்பப்படாதவரின் தவறைவிடப் பாரமானது என்பதால், இங்கே அன்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

எனினும், எல்லாவற்றிலும் சிக்கலானது சொல்வதும் கேட்பதும் பற்றிய நியாயமே. 2006 இல் அமெரிக்காவில், ஆட்டிசமுள்ள குழந்தைகளை வளர்க்கும் வீடுகளின் அன்றாட வாழ்வைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்ட குறும்படம் ஒன்றில், ஒரு தாய், தன் மகள் இருந்த அறையிலேயே, அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்திலிருந்து பாய்ந்துவிடலாமா என்று ஒருகால் எண்ணியதையும், வீட்டில் இன்னொரு மகள் இருந்ததாலேயே அதைச் செய்யவில்லை என்பதையும் கேமராவின் முன் கூறினார். பெரும் கண்டனம் எழுந்தது. அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1993 இல், டொரான்டோவில் நடந்த மாநாட்டில், தாமே ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர் பெற்றோரை நோக்கிப் பேசுகையில், எதிர்பார்த்திருந்த பிள்ளை கிடைக்காததற்காக நீங்கள் துக்கப்படலாம், ஆனால் வந்திருக்கும் பிள்ளையை அந்தத் துக்கத்துக்குக் காரணமாக்காதீர்கள் என்ற பொருள்பட வேண்டியிருந்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தாயின் பக்கம் நியாயமா பிள்ளையின் பக்கம் நியாயமா என்று தராசு பிடிக்கத் தோன்றும்.

தாயின் பக்கம் சொல்ல வேண்டியது உண்டு. அத்தகைய எண்ணம் ஒரு மனத்தில் எழுவதாலேயே அம்மனம் கொடியதாகிவிடுவதில்லை; பல இரவுகள் உறங்காமல், உதவிக்கு ஒருவரும் இல்லாமல், கடைவீதியில் பிள்ளை கூச்சலிட்டால் ஊரார் பார்வையைத் தாங்கிக்கொண்டு வாழ்பவருக்கு அந்த எண்ணம் வரக்கூடும். அதைச் சொல்லவே கூடாது என்று வாயடைப்பது பிள்ளைக்கும் நன்மை செய்யாது; வெளியேறாத எண்ணம் செயலாக முடிந்த செய்திகளை நாம் அறியாதவர்களல்லர். ஆனால், பேச்சு வராத பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று எண்ணிக்கொண்டு அதன் எதிரிலேயே பேசுவதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த இயலாது. மூன்றரை வயது வரை பேச்சு வராதிருந்து பின்னர் கால்நடை அறிவியல் பேராசிரியராக விளங்கிய டெம்பிள் கிராண்டின், அந்த வயதில் பிறர் பேசியது தமக்கு விளங்கியது என்றும், மறுமொழி சொல்ல வழியின்றியே வீறிட்டு அலறியதாகவும் எழுதியிருக்கிறார். எல்லாக் குழந்தைகளும் அவ்வாறே என்று கொள்ள வேண்டுவதில்லை. எந்தக் குழந்தைக்கு விளங்குகிறது, எதற்கு விளங்கவில்லை என்று நிச்சயமாகத் தெரியாத நிலையில், விளங்குகிறது என்று கொண்டு நடப்பதால் எவருக்கும் நஷ்டமில்லை. விளங்கவில்லை என்று கொண்டு நடப்பதால் நேரும் நஷ்டமோ ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தானே கொள்ளும் மதிப்பு.

ஆதலின் தராசு பிடிப்பதற்கு முன்பாக ஒன்றைக் காண வேண்டும்: அந்தத் தாய் செய்த தவறு சொன்னதில் இல்லை, சொன்ன இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் எதிரிலும் உலகத்தின் எதிரிலும் சொல்லத் தகாததைச் சொல்வதற்கென்று வேறோர் இடம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். பெற்றோர் ஒருவருக்கொருவர் ஆகக்கூடிய துணைகளில் தலையாயது அந்த இடமாக இருப்பதே என்று தோன்றுகிறது. சொல்பவரைத் தண்டிக்காமலும், கேட்டதை மூன்றாமவரிடம் கொண்டுசெல்லாமலும், என் பிள்ளை இதைவிட மோசம் என்றோ, என் பிள்ளை இப்போது எவ்வளவோ தேவலை என்றோ ஒப்பிடாமலும் கேட்கும் செவி ஒன்று இருந்தால், தாயின் துயரமும் வெளியேறும், பிள்ளையின் மானமும் காக்கப்படும். அத்தகைய செவிக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. கேட்டது வெறும் களைப்பின் குரலா, உண்மையான ஆபத்தின் குரலா என்று பிரித்தறிந்து, ஆபத்தானால் இரகசியத்தையும் மீறி மருத்துவரையும் குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும். அந்த நிலையில் வாக்குக் காப்பது தர்மமாகாது. இதே அளவுகோலைக் கொண்டு நோக்கினால், பிள்ளை கழிவறையில் செய்ததையும் மருத்துவ அறிக்கையையும், அழுது புரளும் காட்சியின் படத்தையும் ஊர் முழுதும் அனுப்பிப் பரிதாபம் சம்பாதிப்பது, எத்தனை பேருக்கு அதனால் விழிப்புணர்ச்சி உண்டானாலும், தகாத செயல் என்பது விளங்கும். நாளைக்கு வளர்ந்து ஆளாகப் போகும் ஒருவரின் அந்தரங்கம் அது.

ஆளாகத்தான் போகிறார்கள். இத்துணைமை குழந்தைப் பருவத்தோடு முடிவதாகப் பலர் எண்ணினாலும், பெற்றோரின் நெஞ்சில் முதல் நாளே எழும் கேள்வி, எங்களுக்குப் பிறகு யார் என்பதுதான். இந்தியாவில் 1999 இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட நிலைகளுடையோர்க்குக் காப்பாளரை நியமிக்கும் வழியை வகுத்தது. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள ஓர் அதிகாரியும், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் கொண்ட உள்ளூர்க் குழு, காப்பாளர் தேவைதானா, தேவையெனில் எவ்வெவற்றுக்கு என்று முதலில் ஆராய வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துக் கணக்கைத் தர வேண்டும். காப்பாளர் கொடுமை செய்தாலோ கைவிட்டாலோ, உறவினர் மட்டுமன்றிப் பதிவுபெற்ற அமைப்பும் அவரை நீக்கக் கோரலாம். பெற்றோரின் சங்கங்களும் அத்தகைய அமைப்பாகப் பதிவுபெறலாம் என்பதால், பிறர் பிள்ளையின் நலத்தைக் கண்காணிக்கும் அதிகாரம் சட்டத்தின் மூலமே அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் சங்கம் அரிதாயிருப்பின் அது சட்டத்தின் குறையாகாது.

ஆனால், உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன் என்று சம வயதுள்ள இரு தாய்மார் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு, இருவரும் ஒருங்கே முதுமை எய்துவதால், அன்பு எவ்வளவு இருந்தாலும் நிறைவேறாமலே போகலாம். ஆகையால் வாக்குக் கொடுப்பவர்களில் வயதில் இளையவர்களும் இருக்க வேண்டும். உடன்பிறந்தாரைக் கேட்டு, அவர்கள் மனம் ஒப்பியபின் அவர்களையும் சேர்க்க வேண்டும். காப்பாளராகப் போகிறவர் அறிய வேண்டியவை காகிதத்தில் அடங்குபவையல்ல. எந்த ஓசை காதைத் துளைக்கும், எந்த உணவின் பிசுபிசுப்பு ஆகாது, எந்தச் சட்டைத்துணி உறுத்தும், கலங்கிய நேரத்தில் யாரும் தொடாமல் எவ்வளவு நேரம் விட்டிருந்தால் தெளியும் என்பன அவற்றுட் சில. முதன்மையானது, வேண்டாம் என்பதை அந்த மனிதர் எவ்வாறு தெரிவிக்கிறார் என்பது. பேச்சில்லாத பலர் அதைத் தட்டைத் தள்ளியும், எழுந்து சுவரோரம் போய் நின்றும், பெற்றவர்க்கு மட்டுமே பிடிபடும் ஒரு குரலினாலும் தெரிவிக்கிறார்கள். அதைப் பெற்றவர் உயிரோடும் வலிவோடும் இருக்கையிலேயே, அந்த வீட்டில் அடிக்கடி வந்து தங்கிப் பழகித்தான் கற்றுக்கொள்ள முடியும்.