கடமையும் கொடையும்

சட்டம் ஒரு மனிதனிடம் எவ்வளவு கேட்கலாம்? பொருளைக் கேட்கலாம், உழைப்பைக் கேட்கலாம், உயிரையே கேட்கலாமா? கத்தோலிக்கப் பெருமக்களிடையே கருக்கலைப்புச் சட்டம் பற்றி நடந்துவரும் விவாதத்தை நோக்கும்போது, இக்கேள்வியே நம் உள்ளத்தில் எழுகிறது.

இத்தாலியில் மிலான் நகரை அடுத்த மஜெந்தாவைச் சேர்ந்தவர் ஜியான்னா பெரெட்டா மொல்லா. அவர் குழந்தை மருத்துவர். மூன்று மக்களின் தாய். 1961-இல் நான்காம் முறை கருவுற்றிருந்தபோது அவருடைய கருப்பையில் ஒரு கட்டி தோன்றியது. கருப்பையையே அகற்றிவிடலாம், கட்டியை நீக்கிக் கருவையும் கலைக்கலாம், அல்லது கருவைக் காத்துக் கட்டியை மட்டும் நீக்கலாம். தமக்கு ஆபத்து மிகுந்த மூன்றாம் வழியையே அம்மாது தேர்ந்துகொண்டார். 1962 ஏப்ரல் 21-இல் பெண்மகவு பிறந்தது. வயிற்றில் பரவிய நச்சுத் தொற்றினால் 28-ஆம் நாள் தாய் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 39. 2004 மே 16-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அம்மகளும் அங்கே இருந்தார்.

ஆராதனை இறைவனுக்கே உரியது, புனிதருக்குரியது கண்ணியமே, தமக்காக இறைவனிடம் மன்றாடுமாறு அவரை வேண்டுகிறோம் என்பது கத்தோலிக்கர் கொள்கை. புனிதரின் வாழ்வைத் தம் வாழ்வுக்கு முன்மாதிரியாகக் கொள்வதும் அப்பக்தியில் அடங்கும். சிக்கல் தோன்றுவது இவ்விடத்திலேதான்.

இத்தாலி 1978 மே 22-இல் இயற்றிய 194-ஆம் எண் சட்டம், கருவுற்ற முதல் 90 நாட்களுக்குள் கருக்கலைப்பை அனுமதித்தது. திருச்சபை அதனை வன்மையாக எதிர்த்தது. எனினும், 1981 மே 17-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், அச்சட்டத்தைக் கட்டுப்படுத்தக் கத்தோலிக்க இயக்கத்தார் கொணர்ந்த யோசனையை நூற்றுக்கு 68 பேர் நிராகரித்தனர். கருவும் மனித உயிரே. அதை நேராகக் கொல்வது எந்நிலையிலும் பாவம். பேசவியலாத உயிரைக் காப்பது சட்டத்தின் முதற் கடமை என்பது திருச்சபையின் வாதம். இவ்வாதத்தை ஏற்பினும் மறுப்பினும், அதன் கனத்தை நாம் எளிதாக எண்ணிவிட முடியாது.

ஆனால், "ஜியான்னா செய்தாரே, மற்றத் தாய்மார் ஏன் செய்யலாகாது?" என்று ஒருவர் கேட்பாராயின், அவர் தம் திருச்சபையின் அறநெறியையே மறந்தவராவார். நோயுற்ற கருப்பையைத் தாயின் உயிர் காக்க அகற்றுவதை, அதனால் கரு இறக்க நேரினும், அந்நெறி தடுப்பதில்லை. ஏனெனில், அங்கே நோக்கம் நோயை நீக்குவதேயன்றிக் கருவைக் கொல்வதன்று. ஆகவே முதல் வழி ஜியான்னாவுக்கும் திறந்தே இருந்தது. அதையும் அவர் வேண்டாமென்றார். பர்ளையும் நபிலையும் பிரித்தறிந்த நம் வாசகர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். அவர் செய்தது கடமைக்கு அப்பாற்பட்ட கொடை. கொடையைக் கட்டாயப்படுத்தி வாங்கினால் அது கொடையாகாது, வரியாகிவிடும்.

அப்படியானால் பலமற்ற உயிரைச் சட்டம் கைவிடலாமா என்று கேட்கலாம். கைவிடலாமென்று நாம் சொல்லவில்லை. அக்கேள்விக்குரிய விடையைக் கருவின் உரிமையிலும் தாயின் உரிமையிலும் தேட வேண்டும். ஒரு தாயின் தியாகத்தை எடுத்து, நோய்ப் படுக்கையில் நடுங்கும் மற்றொரு தாயின் மீது எறிவது விடையாகாது. ஜியான்னாவின் தியாகத்துக்குப் பின்னால் தாயை இழந்த நான்கு பிள்ளைகள் உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது.

இன்னொன்றும் சிந்தனைக்குரியது. அவரை உயர்த்துவதற்கு ஆதாரமாகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட அற்புதங்கள் இரண்டும் பிரேஸில் நாட்டில் நடந்தவை. 1977-இல், பிரசவத்துக்குப் பின் கடும் நோயுற்ற ஒரு தாய் குணமடைந்தார். 2000-இல், பனிக்குட நீர் வற்றிய நிலையிலும் ஒரு தாயும் சேயும் பிழைத்தனர். இரண்டிலும் வேண்டப்பட்டது உயிரே, மரணமன்று. தாமே உயிர்நீத்த ஒருவரிடம் மக்கள் பிழைப்பதற்காக மன்றாடுகிறார்கள்! அந்த எளிய தாய்மாரின் பக்தி, விவாத மேடைகளில் முழங்குவோரைவிட அப்புனிதரை நன்கு அறிந்திருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.