மிச்சமும் கள்ளாமையும்

வறியோர்க்கென ஒதுக்கிய பொருளைத் தகுதியில்லாதார் பொய் கூறிப் பெறுவது களவே. அதனைத் தடுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால், தடுத்ததனால் இவ்வளவு மிச்சம் என்று கூறும்போது, அந்த அளவு மெய்யானதா என்று வினவுவதும் அறத்தின்பாற்பட்டதே.

நம் அடுக்களையிலிருந்தே ஒரு சான்று காண்போம். சமையல் எரிவாயு மானியத்தை வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் ‘பஹல்’ திட்டம் 2015 சனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. போலி இணைப்புகளை நீக்கியதால் பல்லாயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று பேசப்பட்டது. 2014 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 35,400 கோடியாக இருந்த மானியம், 2015இல் அதே ஒன்பது மாதங்களில் 12,084 கோடியாகக் குறைந்தது உண்மையே. ஆயின், 2016இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, குறைந்த 23,316 கோடியில் 21,552 கோடி, எண்ணெய் விலை வீழ்ந்ததால் நேர்ந்தது என்று காட்டிற்று. மானியச் சிலிண்டர்கள் குறைவாக வாங்கப்பட்டதால் மிஞ்சியது 1,764 கோடியே. அதிலும் மானியத்தைத் தாமே விட்டுக்கொடுத்தோரின் பங்கு அடங்கும். விலை இறங்கியதைக் கள்வனைப் பிடித்த கணக்கில் எழுதுவது முறையாகுமா?

இங்கே பிழைத்தது எண் மட்டுமே. மிச்சம் காட்டும் வேட்கை எளியோரையே கடனாளியாக்கிய நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வேலையற்றோர்க்கான உதவித்தொகை, இரு வாரங்களுக்கு ஒருமுறை வருமானம் பார்த்து வழங்கப்படுவது. 2016 முதல் அங்கே கணினியானது ஆண்டு வருமானத்தை எல்லா வாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கணக்கிட்டது. ஆறு மாதம் உழைத்து, ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்றவர், ஆண்டு முழுதும் ஊதியம் பெற்றவராகத் தோன்றினார். மிகையாகப் பெற்றதைத் திருப்பித் தருமாறு அவருக்குக் கடிதம் சென்றது. அது பொய்யென மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது. 2019இல் நீதிமன்றத்தில் இம்முறை சட்டத்திற்குப் புறம்பானதென முடிவாயிற்று. 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனால் துன்புற்றனர். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக 2020இல் அரசு அறிவித்தது. 2023இல் விசாரணை ஆணையமும் கடுமையாகக் கண்டித்தது. வரவென்று எழுதியது செலவாயிற்று. பட்ட துன்பத்தைத் திருப்பித் தர இயலுமோ?

கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறும். அவற்றுள் ஒன்று, கூட்டியும் குறைத்தும் அளத்தல். வாங்கும் படி ஒன்று, கொடுக்கும் படி ஒன்று என வைத்திருக்கும் வணிகருக்கு மட்டும் உரியதன்று இது. அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் அனைவருக்கும் உரியது.

ஆகவே நேரிய கணக்கு மூன்றையும் சொல்ல வேண்டும்: உண்மையில் தடுக்கப்பட்ட களவு எவ்வளவு, சோதனைக்கு ஆன செலவு எவ்வளவு, தகுதியிருந்தும் மறுக்கப்பட்டோர் எத்தனை பேர். முதலாவதை மட்டும் உரைத்து மற்ற இரண்டை மறைப்பது கணக்கன்று. பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கும் நம் அறநிலையங்களும் மூன்றாவது வினாவை ஆண்டுதோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். உரியவருக்கு மறுத்துச் சேர்த்த பொருள் ஒருநாளும் மிச்சமாகாது.