மத சகிப்பின்மையும் உலகின் கண்காணிப்பும்

இவ்வருட மலருக்குச் சமயக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். திருமுறைச் சிறப்புப் பற்றியோ ஆகம விதிகள் பற்றியோ எழுத எம்மூரில் என்னிலும் தகுதியானோர் உளர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரச எழுதுவினைஞராகக் கடமையாற்றிய அடியேனுக்குத் தெரிந்தது கோப்புகள்தான். எனவே உலகம் வைத்திருக்கும் ஒரு கோப்பைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

1981 நவம்பர் 25 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மதம் அல்லது நம்பிக்கையின் பேரிலான சகிப்பின்மையையும் பாரபட்சத்தையும் ஒழிப்பதற்கான பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கு 1965 இலேயே தனியான சமவாயம் உருவாகிவிட்டது. மதத்துக்கென அப்படியொரு தனிச் சமவாயம் இன்றுவரை இல்லை. மதம் மாறும் உரிமையை 1948 இன் உலக மனித உரிமைப் பிரகடனம் வெளிப்படையாகவே சொன்னது. 1981 இல் அந்தச் சொற்களை விட்டுவிட்டுத்தான் நாடுகளிடையே உடன்பாடு காண முடிந்தது.

இப்பிரகடனம் நடைமுறையில் உள்ளதா என்று கவனிக்க 1986 இல் விசேட அறிக்கையாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. சம்பளமில்லாத பதவி. பாதிக்கப்பட்ட எவரும் அவருக்கு முறைப்பாடு அனுப்பலாம். அவர் சம்பந்தப்பட்ட அரசுக்குக் கடிதம் எழுதுவார். அறுபது நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கப்படும். கடிதமும் பதிலும் பின்னர் பகிரங்கமாகும். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதும் பதிவாகும். ஒரு நாட்டுக்கு நேரில் செல்வதானால் அந்நாடே அழைக்க வேண்டும். எவரையும் தண்டிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. “இதனால் என்ன பிரயோசனம்?” என்று கேட்போருக்கு நான் சொல்வது ஒன்றுதான். பதியப்படாத முறைப்பாட்டை, அப்படியொன்று நடக்கவேயில்லை என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடலாம் என்பதை நான் கந்தோரில் கண்டிருக்கிறேன்.

எமது நாட்டுக்கு இப்பதவியிலிருந்து இருவர் வந்து சென்றனர். 2005 மே மாதம் பாகிஸ்தானைச் சேர்ந்த அஸ்மா ஜஹாங்கிர் வந்தார். மதமாற்றத் தடைச் சட்டமூலங்கள் சூடாக விவாதிக்கப்பட்ட காலம் அது. அத்தகைய சட்டம் பொருத்தமான பரிகாரமல்ல என்பது அவரது முடிவு. அக்காலத்தில் அது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 2019 ஓகஸ்டில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து நான்கு மாதங்களில், மாலைதீவைச் சேர்ந்த அஹமட் ஷஹீட் வந்தார்.

2024 மார்ச் 8 ஆந் திகதி சிவராத்திரியன்று, வவுனியா வடக்கு வெடுக்குநாறி மலை ஆதிலிங்கேஸ்வரர் ஆலயத்தில் பூசகர் உட்பட எட்டுப் பேர் கைது செய்யப்பட்டனர். பின்னர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்நாட்களில் எமது பரிபாலன சபையும் ஜெனீவாவுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமென்று தீர்மானித்தது. “அண்ணை, உங்கட எழுத்துத்தான் சரி” என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

கடிதத்தின் அமைப்பைப் பார்ப்பதற்காகப் பழைய கோப்பைத் திறந்தேன். அதில் 2012 இல் நானே எழுதிய மகஜர் ஒன்றின் பிரதி இருந்தது. எம்மூரில் வாடகை வீடொன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் செய்துவந்தனர். அதை நிறுத்த வேண்டுமென்று உரிய கந்தோருக்கு ஊரவர் சார்பில் எழுதியது அது. புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி வேண்டுமென்ற 2008 ஒக்டோபர் 16 ஆந் திகதிய சுற்றறிக்கையை, இலக்கம் பிசகாமல் மேற்கோள் காட்டியிருந்தேன். “அயலவருக்கு இரைச்சல்” என்றும் எழுதியிருந்தேன். எமது ஆலய ஒலிபெருக்கி அதிகாலை நாலரைக்கு ஊரையே எழுப்புவது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. சில மாதங்களில் அந்த ஜெபக்கூடம் மூடப்பட்டது.

1981 பிரகடனத்தின் இரண்டாம் உறுப்புரையை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். பாரபட்சம் காட்டக்கூடாதென்று அது அரசை மாத்திரம் சொல்லவில்லை. நிறுவனம், ஆட்கள் குழு, தனியாள் என்று வரிசையாகச் சொல்கிறது. பரிபாலன சபை எந்த வகை, அதற்கு மகஜர் எழுதிக் கொடுத்த எழுதுவினைஞர் எந்த வகை என்று விளங்கிக்கொள்ள எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அப்பிரதியை வாசித்துக் காட்டினேன். “அது வேறை, இது வேறை” என்றார் ஒருவர். எப்படி வேறென்று கேட்டேன். “அவை எங்கட சனத்தை இழுக்க வந்தவை” என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. நோயுற்றவர்களின் வீடுகளுக்கு அவர்கள் தவறாமல் போனார்கள். சில குடும்பங்கள் அவர்களோடு சேர்ந்தன. நாம் அந்த வீடுகளுக்குப் போகவில்லை என்பதும் உண்மைதான். இன்னொருவர், வெளிநாட்டார் எம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னர், உலகம் இதைப் பார்க்க வேண்டுமென்று சொன்னவரும் அவரே.

ஜெனீவாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். வெடுக்குநாறியில் நடந்தது அநியாயம். அதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் 2012 மகஜரை மீளப்பெற்று அதே கந்தோருக்கு ஒரு வரி எழுத வேண்டுமென்ற எனது பிரேரணையை ஆமோதிக்க எவரும் கிடைக்கவில்லை. என் சொந்தப் பெயரில் அதை எழுதி அனுப்பினேன். கிடைத்ததென்ற அறிவித்தல்கூட இதுவரை வரவில்லை.

அந்த ஜெபத்தை நடத்திய அம்மா இப்போது ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போகிறார். சந்தையில் கண்டால், “ஐயா சுகமோ?” என்று கேட்பார். மகஜரை எழுதியது யாரென்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. நானும் இன்னும் சொல்லவில்லை.