யார் செய்த பாவம்?

திருச்சுழிக்கு அருகே ஒரு பங்கில் நான் பணியாற்றிய காலம். முதல் ஓலை வாசிக்க இரண்டு நாள் இருக்கையில் மாப்பிள்ளையின் தந்தை அறைக்கு வந்தார். "சாமி, பெண்ணின் தாய்க்கு வெண்குட்டமாமே, பேரப்பிள்ளைகளுக்கும் வருமா?" என்றார். "நன்றாக விசாரித்துச் செய்யுங்கள்" என்றேன். ஓலை வாசிக்கப்படவில்லை. என் சொல்லில் பொய் இல்லை. ஆயினும் அது ஒரு பெண்ணின்மேல் விழுந்த தீர்ப்பாயிற்று.

அது குட்டமே அன்று, தொற்றுவதும் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, தோலுக்கு நிறம் தரும் அணுக்களைப் பகையென்று கருதி அழிப்பதால் நேர்வது. பழைய பெயரின் வடு நீங்கவே தமிழக அரசு 2010இல் 'வெண்புள்ளி' என்னும் பெயரை ஏற்றது.

பரம்பரைக்கு இதில் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆறாம் குரோமோசோமில் உள்ள எதிர்ப்பாற்றல் மரபணுக்களும் வேறு பலவும் இந்நோய்க்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் இடம் கொடுப்பது வேறு, விதிப்பது வேறு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால், மற்றவருக்கும் காணப்பட்டது 100க்கு 23 பேரிடமே என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கண்டது. மழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கும் நம் கரிசல்காட்டு உழவர்க்கு இது எளிதில் விளங்கும்: மண்ணில் கிடப்பதாலேயே விதை முளைத்துவிடுவதில்லை. மேலும், வெண்புள்ளிக்கு இடந்தரும் மரபணு வேறுபாடுகளுள் சில, கொடிய தோல் புற்றுநோய் ஒன்றின் அபாயத்தைக் குறைப்பதாக ஐரோப்பிய வழியினரிடையே நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சுமையென்று நாம் தள்ளுவதில் அரணும் கலந்திருக்கிறது!

அப்படியானால் விசாரிப்பது தவறா? அன்று. மருத்துவரிடம் கேட்டறிதல் முன்மதியே. அறிந்ததை ஒருவரை விலக்கும் ஆயுதமாக்குவதே தவறு. சர்க்கரை, ஆஸ்துமா, மூட்டுவாதம் என ஏதேனும் ஒன்று வழிவழியாக வராத வீடு நம்முள் எத்தனை?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). பிறகு அவர் செய்தது விசாரணை அன்று. அம்மனிதரின் கண்களைத் தொட்டார். நாமோ இன்றும் அச்சீடர்களின் கேள்வியைத்தான் திருமண வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்று அந்தத் தந்தையிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே: "வரலாம், பெரும்பாலும் வராது. வந்தாலும் அது உங்கள் பேரப்பிள்ளையே."