நினைவு மங்கும் வேளையில்

இதய அறுவை முடிந்த மூன்றாம் நாள். பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைக் காண மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்த அவர் நம்மையும் அறியவில்லை. அருகில் நின்ற மகளையும் அறியவில்லை. தாம் வயலில் நிற்பதாக எண்ணி, மடையைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "சாமி, அப்பாவுடைய இதயத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், அப்பாவைத்தான் காணோம்" என்றார் மகள். சில நாள்களில் பெரியவருக்குத் தெளிவு திரும்பியது. மகளின் சொல்லோ நம்மை விட்டு அகலவில்லை.

மருத்துவ ஆய்வாளர்களும் இதைப் பற்றி ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் அறுவை செய்துகொண்ட 261 பேரின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் சோதிக்கப்பட்டன. வீடு திரும்பும் வேளையில் 53 விழுக்காட்டினரிடம் குறைவு காணப்பட்டது. ஆறு மாதங்களில் அது 24 விழுக்காடாகத் தணிந்து, ஐந்தாண்டுகளில் 42 விழுக்காடாக உயர்ந்தது. அப்படியானால் கத்திதான் குற்றவாளியா? அவ்வாறு சொல்வதற்கில்லை. அறுவை செய்துகொள்ளாத இதய நோயாளிகளிடமும் காலப்போக்கில் இத்தகைய தளர்ச்சி உண்டென்பதைப் பின்வந்த ஒப்பாய்வுகள் காட்டின. இதயத்தின் குழாய்களைக் கெடுக்கும் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் மூளையின் நுண்குழாய்களையும் கெடுக்கின்றன. ஆகவே, தேவையான அறுவையை அஞ்சி ஒதுக்குவது அறிவுடைமையன்று.

இந்த அறிவு நமக்கு எங்கிருந்து வந்தது? தங்களையே சோதனைக்குக் கையளித்த மனிதரிடமிருந்து வந்தது. அவர்களுள் நம் நன்றிக்குரியோர் அமெரிக்காவின் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் கன்னியர். டேவிட் ஸ்நோடன் என்னும் ஆய்வாளர் 1986-இல் தொடங்கிய ஆய்வில், 75 வயதும் அதற்கு மேலும் ஆன 678 சகோதரிகள் இணைந்தனர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு இசைந்தனர். இறந்தபின் மூளையையும் தானமாக வழங்க ஒப்பினர். 1997-இல் வெளியான முடிவு ஒன்று சிந்திக்கத்தக்கது. மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் இருந்த சகோதரிகளுள், இரத்த ஓட்டம் தடைபட்டதால் மூளையில் சிறு சேதங்களும் கொண்டிருந்தோரிடமே மறதிநோய் மிகுந்து வெளிப்பட்டது. குழாய்களைக் காப்பது மனத்தைக் காப்பதற்கும் உதவும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

இங்கேதான் அறநெறிக் கேள்வி எழுகின்றது. பிறர் நலனுக்காக ஒரு முதியவரைச் சோதனைப் பொருளாக்கலாமா? திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் மருத்துவ ஆய்வாளரிடம் உரையாற்றுகையில், உடலுக்கு உறுப்பு எப்படியோ அப்படியே சமூகத்துக்கு மனிதன் என்று கொள்ளலாகாது எனத் தெளிவுபடுத்தினார். கையைக் காக்க விரலை வெட்டலாம். ஊரைக் காக்க ஒரு மனிதனை வெட்டலாகாது. உலக மருத்துவ சங்கம் 1964-இல் ஹெல்சிங்கி நகரில் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய அறிக்கையும் இதே வழியில் செல்கின்றது. அறிவின் வளர்ச்சியைவிட ஆய்வுக்கு உட்படுபவரின் நலனே மேலானது. தாமே இசைவு தர இயலாத நிலையிலும், அவர் காட்டும் மறுப்பை மதிக்க வேண்டும் என்கின்றது.

அப்படியானால் அச்சகோதரியரின் செயல் எத்தகையது? எடுத்துக்கொள்ளப்படுவது வேறு, கொடுக்கப்படுவது வேறு. அவர்கள் தெளிந்த மனத்தோடு தந்தார்கள். ஆண்டுதோறும் தம் நினைவு தேய்வதைப் பிறர் அளந்து எழுதுவார்கள் என்பதை அறிந்தே தந்தார்கள். அதன் பயன் தம் காலத்தில் தமக்குக் கிட்டாதென்பதையும் அறிந்திருந்தார்கள். அவர்களுள் சிலர் பின்னர் தம் பெயரையே மறந்திருக்கலாம். ஆயினும், கொடுத்தவர் மறந்துவிட்டதனால் கொடை அழிந்துபோவதில்லை. அவரது மாண்பும் அவ்வாறே. நினைவு மனிதனின் அணிகலன். அதுவே மனிதன் அன்று.

இக்கொடைக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? 1999-இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகின்றது. பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடையே அது நடந்தது. நாளையும் இடத்தையும் எடுத்துச் சொல்லுதல், இரவில் அமைதியாக உறங்க விடுதல், கைப்பிடித்து நடத்தல், மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறவாமல் அணிவித்தல், போதிய நீர் அருந்தச் செய்தல்: இவையே அங்குத் தரப்பட்ட கவனிப்பு. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த மனக்குழப்பம், இங்கு 10 விழுக்காட்டினருக்கே வந்தது. இவற்றைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டுமா? மகளின் கைகளே போதுமல்லவா?

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை நோயுற்ற முதியவர் ஒருவரைக் காணச் செல்கையில், "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டு அவரைச் சோதிக்க வேண்டாம். "நான் உங்கள் மகன், இன்று செவ்வாய்க்கிழமை, நீங்கள் மருத்துவமனையில் நலமாக இருக்கிறீர்கள்" என்று நாமே முதலில் சொல்வோம். அவர் நம்மை மறந்திருக்கும் வேளையில், அவரை மறவாதிருப்பது நம் கடன்.