தொண்டையில் சிக்கிய கனி

உடற்கூறு பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கழுத்தின் முன்புறம் துருத்தி நிற்கும் மேட்டுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரைத் தமிழாக்கி, 'ஆதாமின் ஆப்பிள்' என்றோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "அது ஆண்களுக்குத்தானே இருக்கிறது, ஐயா? அப்படியானால் எங்களுக்குக் குரல்வளை கிடையாதா?"

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. அந்த ஐயத்தை விதைத்தது நாம் உச்சரித்த பெயரல்லவா?

விலக்கப்பட்ட கனியை ஆதாம் கடித்தானாம். ஒரு துண்டு தொண்டையில் நின்றுவிட்டதாம். அதன் வடு ஆண்மக்கள் கழுத்தில் இன்றும் தொடர்கிறதாம். கனியைக் கொடுத்த பழி பெண்ணுக்கு, தின்ற அடையாளம் ஆணுக்கு! விந்தை என்னவெனில், அக்கனி ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் ஒரு சொல்லும் இல்லை. துண்டு சிக்கியதாகவும் இல்லை. மறைநூல் சொல்லாததை மக்கள் வழக்கு சொல்லிற்று. வழக்குச் சொன்னதை மருத்துவ ஏடு எழுதிக்கொண்டது.

அயலார் கதையென்று நகைக்க வேண்டாம், தோழர்களே! நஞ்சைத் தொண்டையிலே நிறுத்தி, கடவுளுக்குக் 'கறைமிடற்றான்' என்று பெயர் சூட்டிய நாட்டினர் நாம்.

உண்மை என்ன? குரல்வளையைத் தாங்கும் ஒன்பது குருத்தெலும்புகளுள் பெரியது, கேடயம் போன்றது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பருவம் வந்ததும் ஆணுடலில் அதன் இரு தகடுகளும் ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் கூடி முன்னே துருத்துகின்றன. பெண்ணுக்கு ஏறத்தாழ 120 பாகை, ஆகவே மேடு தெரிவதில்லை. குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் பையன்களின் குரல் உடைகிறது. கோணத்தில் வேறுபாடேயன்றிக் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை!

"பெயரில் என்ன இருக்கிறது? ஞாயிறு எழுகிறது என்கிறீர்களே, உலகம் சுழல்வதை அறியாமலா?" என்று நண்பரொருவர் மடக்கினார். நல்ல கேள்வி. எல்லாச் சொல்லையும் சலிக்கப் புறப்பட்டால் நாம் வாய் திறக்கவே முடியாது. ஆனால் ஞாயிறு எழுவதால் எவரும் குறைந்துபோவதில்லை. ஒரு பாலாரின் உறுப்பையே இல்லாததாக்கும் பெயரை, பொய்யென்று தெரிந்தபின்னும் பிள்ளைகளுக்குப் புகட்டலாமா? வழக்கம் என்பது விடையாகுமா?

1895இல் பேசல் நகரில் உடற்கூற்றியலார் உறுப்புப் பெயர்களை ஒழுங்குபடுத்தினர். 1998இல் வெளியான உலகப் பட்டியலிலும் அம்மேட்டின் பெயர் வெறும் 'குரல்வளைப் புடைப்பு' என்ற பொருளுடையதே. நமக்கோ தொல்காப்பியத்திலேயே விடை இருக்கிறது. எழுத்துப் பிறக்கும் இடங்களுள் ஒன்றாக மிடற்றைச் சொல்லும் அந்நூல், அது ஆணின் மிடறா பெண்ணின் மிடறா என்று கேட்கவில்லை.

மறுநாள் கரும்பலகையில் 'குரல்வளை' என்று எழுதினோம். எல்லாரையும் கழுத்தில் விரல் வைத்து 'ம்' என்று ஒலிக்கச் சொன்னோம். குரல் உடைந்த நாணத்தால் வாரக்கணக்கில் வாய் திறவாதிருந்த பையனும் ஒலித்தான். அந்த மாணவி விரலை எடுக்காமலே நம்மைப் பார்த்தாள்.

"அதிர்கிறது, ஐயா."