கையில் இருக்கும் நெகட்டிவுக்கு

நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கும் என்லார்ஜர் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் மாடலைப் பற்றித்தான் பேசுவார்கள். டர்ஸ்ட்டா, பெசலரா, லைட்ஸ் ஃபோகோமாட்டா? அந்தப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அலமாரியைத் திறந்து, கையில் என்ன நெகட்டிவ் இருக்கிறதென்று பார்ப்பது உத்தமம்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் 35 மி.மீ. சுருள்கள். அவற்றோடு அப்பா ஆக்ஃபா க்ளிக் III கேமராவில் எடுத்த 6×6 செ.மீ. நெகட்டிவ்கள் சில. ஆனாலும் மனசு என்னவோ 4×5 அங்குல ஷீட் பிலிம் வரை ஏற்கும் ராட்சத என்லார்ஜரிடமே போய் நின்றது. ‘நாளைக்கே வியூ கேமரா வாங்கினால்?’ என்ற சபலம்தான். என்றைக்கோ ஆகப்போகிற ஆளுக்காகச் சாமான் வாங்குவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அந்த ஆள் வந்து சேரும்வரை, இன்றைக்கு இருக்கிற ஆள் அதற்குத் தூசி தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

6×6 வரை ஏற்கும் டர்ஸ்ட் எம்605 போன்ற ஒன்று எனக்குத் தாராளம். 35 மி.மீ. பிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ், அப்பாவின் படங்களுக்கு 80 மி.மீ. லென்ஸ். எனக்கு இருட்டறையாகும் ஃபிளாட் குளியலறையின் பரணில் என்லார்ஜரின் கம்பம் இடிக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டவேண்டிய மெஷின் என்றால், நாலாம் மாதம் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நிஜமாகவே யோசிக்க வேண்டியது வெளிச்சத்தைப் பற்றி. என்லார்ஜரில் அது இரண்டு வகை. கண்டென்சர் வகையில் விளக்கொளியை லென்ஸ்கள் ஒருமுகப்படுத்தி நெகட்டிவுக்குள் செலுத்துகின்றன. பிலிமிலுள்ள வெள்ளித் துகள்கள் அந்த ஒளியைச் சிதறடிக்கும். அடர்த்தியான இடத்தில் சிதறல் அதிகம். அதனால் கான்ட்ராஸ்ட் ஏறுகிறது. காலியர் விளைவு என்பது இதுதான். டிஃப்யூஷன் வகையிலோ ஒளி முன்பே கலங்கி, எல்லாத் திசையிலிருந்தும் வந்து விழுகிறது. சிதறிப் போவதை ஈடுகட்ட வேறு பக்கத்து ஒளி இருக்கிறது.

வெள்ளித் துகளுக்குச் செய்வதையேதான் கண்டென்சர் கீறலுக்கும் செய்கிறது. அத்தை கல்யாணத்து நெகட்டிவ் ஒன்றில், பிலிமின் பின்பக்கம் மயிரிழை போல ஒரு கீறல். 8×10 அங்குலத் தாளுக்குப் பெரிதாக்கினால் அத்தையின் கன்னத்தில் வெள்ளைக் கோடாக விழுகிறது. டிஃப்யூஷன் ஒளியில் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

கண்டென்சர்தான் நேர்மையான வெளிச்சம், உள்ளதை உள்ளபடி காட்டும் என்பார் ஒரு நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கீறல் கல்யாணத்தன்று மணமேடையில் இல்லை. பிற்பாடு நாங்கள் நெகட்டிவைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த லட்சணம் அது. பழையதைத் திரும்பப் பார்க்கும்போது, நடந்ததையும் பின்னால் நம் கை பட்டதையும் ஒரே கூர்மையில் காட்டுவதற்கு நேர்மை என்று பெயர் வைக்க வேண்டுமா? (நண்பரின் நெகட்டிவ்கள் துடைத்து வைத்தாற்போல இருக்கும். அவருக்குக் கண்டென்சர் பொருந்தும்.)

டிஃப்யூஷனில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் போகும்தான். அதை மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது. இல்ஃபோர்டு 1940-லேயே கொண்டுவந்த மல்டிகிரேடு பேப்பரின் இன்றைய வாரிசுகளுக்கு 00 முதல் 5 வரை ஃபில்டர்கள் உண்டு. இரண்டாம் எண் போதாவிட்டால் மூன்றைப் போடலாம். கீறலைப் போக்கத்தான் எந்த ஃபில்டரும் இல்லை. தாளில் நுண்தூரிகையால் மை தொட்டு மறைக்க வேண்டும்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது 6×6 வரை ஏற்கும், டிஃப்யூஷன் தலை வைத்த ஒன்று. மிச்சமான பணத்தை லென்ஸுக்கும் பேப்பருக்கும் ஒதுக்கினேன். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ பேப்பர் தயாரித்த காலம் போய்விட்டது. இப்போது தாள் கப்பலேறி வருகிறது, விலையும் அதற்கேற்றபடி. முழுத்தாளை வீணாக்க மனசு வருவதில்லை. ஒன்றை நீளவாக்கில் நறுக்கி, டெஸ்ட் ஸ்ட்ரிப்பாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த தாளை உறையிலிருந்து எடுக்கிறேன்.